இரும்பு ஹெட்டும் அலுமினிய ஹெட்டும்

தம்பி மகன் 2014-ல் ஒரு லோடு வேன் வாங்கினான். கம்பெனிப் பெயர் வேண்டாம். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். வேனுக்குப் பின்னால் கான்கிரீட் கலவை மெஷினை மாட்டி இழுத்துக்கொண்டு, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வீட்டு வேலை நடக்கிற இடமெல்லாம் போவான்.

நான் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகக் காலத்து மெக்கானிக். லேலண்ட் எஞ்சினிலேயே முப்பது வருஷம் கை கறுத்தவன். அதில் பிளாக்கும் இரும்பு, ஹெட்டும் இரும்பு. வண்டி விஷயத்தில் எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கூலண்ட் வாங்கணும் என்று அவன் வந்து நின்றபோது, "எதுக்குல தண்டச் செலவு? பஸ்ஸுக்கே நாங்க தண்ணிதான் ஊத்தினோம்" என்றேன். வீட்டு போர் தண்ணீரை ஊற்றினான். அது காய்ந்தால் குடத்தில் வெள்ளையாகப் படியும்.

மூன்றாவது வருஷம் சித்திரை வெயிலில், பாபநாசம் மலை ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போயிருக்கிறது. பின்னால் மெஷின் தொங்குகிறது, ஏற்றத்தில் நிறுத்தப் பயம். மேலே போய்விடலாம் என்று ஓட்டிவிட்டான். இறக்கிப் பார்த்தால் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தது. லேத் பட்டறையில் ஹெட் வளைந்திருப்பதைக் காட்டினார்கள். தண்ணீர் போகும் துவாரங்களெல்லாம் கரையான் அரித்த மாதிரி. அதையும் பார்த்தேன், யோசிக்கத்தான் இல்லை.

"அலுமினியம் சட்டி பண்ணத்தான் லாயக்கு, இழுவைக்கு ஆகாது. வித்துரு" என்றேன். தம்பி அப்படியே கேட்டான். தவணை பாக்கி இருக்கும்போதே வந்த விலைக்கு வண்டி போனது. பையன் திருப்பூரில் அடுத்தவர் வண்டிக்கு டிரைவராகப் போனான்.

2019-ல் ஹூஸ்டனில் மகள் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பிக்கப்பில் பெரிய படகை டிரெய்லரோடு இழுத்துப் போவார். பானெட்டைத் திறந்து காட்டினார். டூராமேக்ஸ் டீசல். பிளாக் இரும்பு, ஹெட் இரண்டும் அலுமினியம். 2001-லிருந்து அப்படித்தான் வருகிறதாம், டன் கணக்கில் இழுக்கிறது. எனக்குச் சுருக்கென்றது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். அலுமினியம் சூட்டை வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகக் கடத்திவிடும். இழுவைக்கு அது நல்லதுதான். ஆனால் சூட்டில் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். இரும்பு பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய ஹெட், தண்ணீர் கொதித்தால் விரிய இடமில்லாமல் வளைகிறது, கேஸ்கெட் போகிறது. உப்புத் தண்ணீரும் அலுமினியத்தை அரிக்கும். அதைத் தடுக்கிற மருந்து கூலண்டில்தான் இருக்கிறது. எங்கள் பஸ் ரேடியேட்டரும் உப்புப் படிந்து அடைக்கத்தான் செய்யும், இரும்பு கொஞ்சம் பொறுத்துக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம்.

அந்த வேனை வாங்கியவர் புது ஹெட் போட்டு, கூலண்ட் ஊற்றி, இன்றும் அதே மாதிரி கலவை மெஷினை இழுத்துக்கொண்டு எங்கள் தெரு வழியாகத்தான் போகிறார்.

போன பொங்கலுக்குத் தம்பி மகன் வந்திருந்தான். தப்பு என் மேல்தான் என்று சொன்னேன். "விடுங்க பெரியப்பா, பழைய கதை" என்றான். காபி குடித்தான். திருப்பூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டான்.