நள்ளிரவில் முறியும் நாள்

இராக்கடமை ஏற்கும் தாதிக்குச் செவ்வாய் மாலை 7 மணி முதல் புதன் காலை 7 மணி வரை ஒரே உழைப்பாகும். மின்னியல் நாட்காட்டியோ அதனை நள்ளிரவில் இரு துண்டாக்குகின்றது. தொடக்கத் திகதியையே முடிவுக்கும் இட்டால், தொடங்குமுன்னரே முடிந்த கடமையென மறுக்கும் மென்பொருள்களும் உள. 1998இல் வெளிவந்த ஐகலண்டர் நியமம், முடிவு நேரத்துக்குப் பதிலாகக் கால அளவைக் குறிக்கவும் இடந்தந்தது. மாலை 7 மணி, 12 மணித்தியாலம் என்றெழுதின் நள்ளிரவு இடையூறாகாது. எனினும் கைத்தொலைபேசிச் செயலிகள் பெரும்பாலும் முடிவு நேரத்தையே வினவுகின்றன.

வானியலறிஞர்க்கு இத்தொல்லை இருக்கவில்லை. 1925க்கு முன்னர் அவர்தம் நாள் நண்பகலிலே தொடங்கிற்று; ஓரிரவின் அவதானிப்பு முழுவதும் ஒரே திகதியில் அடங்கிற்று. விழித்திருப்போர் பொருட்டு நாளையே நகர்த்திய துணிவு அது!

செயலியினால் விளையும் உண்மையான கேடு மறுநாளிலேதான். புதன்கிழமைக் கட்டம் காலை 7 மணிக்குப் பின் வெறுமையாய்த் தோன்றும். அவ்வெறுமையைக் கண்ட வீட்டார், பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்தையும் வங்கி அலுவலையும் அங்கே இட்டு நிரப்புவர். இரவெல்லாம் நோயாளரின் மருந்தளவைப் பிழையின்றிப் பார்த்த கண்கள் பகலிலும் மூடா. அடுத்த இரவும் அவை மருந்தளவு பார்க்கவேண்டியவை. ஆகவே கடமையைக் குறிக்கும்போதே, காலை 8 முதல் பிற்பகல் 3 வரை ‘உறக்கம்’ என்றொரு பதிவையும் சிலர் சேர்த்துவிடுகின்றனர். கடமை மாறினால் இரண்டையும் ஒருங்கே நகர்த்துகின்றனர்.