பூ விழுந்த கண்

வையம்பட்டியில் பிறந்தவனுக்கு மாட்டைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்திலேயே மணப்பாறைச் சந்தை. பல்லைப் பிடித்து வயது சொல்வோம்; சுழி பார்த்து ராசி சொல்வோம்; துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவோம். ஆனால், மாட்டின் கண்ணைப் பற்றி நாம் அறிந்தது என்ன? வெள்ளை படர்ந்தால் ‘பூ விழுந்துவிட்டது’ என்போம். உப்புத்தூளை ஊதுவோம், புகையிலைச் சாற்றைப் பிழிவோம். நம் வைத்தியம் அவ்வளவே.

எங்கள் வீட்டு மயிலைக் காளைக்கும் அப்படித்தான் பூ விழுந்தது. நீர் வடிந்தது, ஈ மொய்த்தது, சில நாட்களில் இடக்கண் வெளுத்தது. சந்தையில் தரகர் அதன் முகத்துக்கு நேரே கையை வீசினார், காளை இமைக்கவில்லை. பாதி விலைக்குப் போயிற்று. ஜோடி பிரிந்தது. அந்த ஆண்டு எங்கள் நிலத்தில் ஓடியது வாடகை ஏர்.

தரகர் செய்த அதே சோதனையை மருத்துவரும் செய்கிறார் என்று பின்னர் படித்தபோது வியந்தேன். ஆனால் அவர் காற்றுப் படாமல் கையை வீசுவார்; காற்றுப் பட்டால் குருட்டுக் கண்ணும் இமைக்குமல்லவா? அடுத்து, ஓசையின்றி விழும் பஞ்சு உருண்டையை மாடு பார்க்கிறதா என்று கவனிப்பார். சாயச் சொட்டு விட்டால் கருவிழியில் புண் உள்ள இடம் பச்சையாகத் தெரியும். இமை மூடாதிருக்க, காதருகே ஓடும் நரம்பை மரக்கச் செய்வார். வாயில்லா ஜீவனிடம் கேள்வி கேட்டு விடை பெறும் கலை இது!

இக்கலை எளிதில் வருவதன்று. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியாயினும், 1985இல் வந்த நாமக்கல் கல்லூரியாயினும், பட்டப்படிப்பு உள்ளுறைப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு. அதன்மேல் அறுவை மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பு இரண்டு ஆண்டு. கண் மருத்துவம் அதன் ஒரு பகுதி. கைத்திறன் பழகப் பழகத்தான் வரும். அமெரிக்காவிலோ கண்ணுக்கென்றே மூன்றாண்டுத் தனிப்பயிற்சியும் தேர்வும் உண்டு.

மனிதக் கண் மருத்துவர் கற்பது ஒரே வகைக் கண். இவர் கற்பதோ பல வகை. மாட்டின் பாவை கிடைக்கோடு, பூனையின் பாவை நெடுக்கோடு. இரவில் இவற்றின் கண் மின்னுவது உள்ளே ஒளியைத் திருப்பும் படலத்தால். அது மனிதனுக்கும் பன்றிக்கும் இல்லை. நாய்க்குக் கண்புரை நீக்குவார். குதிரையின் கண்ணுக்குள் வெண்ணூலாய் நெளியும் புழுவைக் கருவிழி ஓரம் சிறிதே கீறி எடுப்பார்.

இத்தனை திறமும் பயன்பட ஒன்று வேண்டும்: கண் உரிய காலத்தில் அவரிடம் சேர வேண்டும். ஈக்கள் பரப்பும் கண்நோய் முதல் சில நாட்களில் மருந்துக்கு அடங்கும். புண் ஆழ்ந்தபின் அடங்காது. ஆகவே நண்பர்களே, தொழுவத்தில் ஒரு மாடு வெயிலுக்குக் கண்ணை இடுக்கினால், கன்னத்தில் நீர்க்கோடு தெரிந்தால், அன்றே ஊர்க் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்லுங்கள். மேல் சிகிச்சை தேவையா என்பதை அவர் சொல்லட்டும். கண் மருத்துவரின் முதல் உதவியாளர், மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருக்கும் நாம்தான்.