பதினைந்து கலம் நெல்

அன்புள்ள கயல்,

பெரியப்பா எழுதுகிறேன். டொரண்டோவில் மசாஜ் தெரபி படித்து வேலைக்கும் சேர்ந்துவிட்டாய், சந்தோஷம். ஆனால் "குடும்பப் பின்னணி நாலு வரி கேக்கிறாங்க, ஆயுர்வேதக் குடும்பம்னு போட்டுடட்டுமா? தாத்தா தொழிலைச் சொன்னா இங்க நம்ம ஆளுங்களே ஒரு மாதிரி பார்ப்பாங்களோ?" என்று கேட்டாயே, அது மனசை உறுத்துகிறது.

நம்மூர் உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்திருக்கிறாய். எனக்கு அதைவிடப் பெரிது திருமுக்கூடல் கல்வெட்டு. பழைய சீவரத்துக்கு எதிர்க்கரை, பெருமாள் கோயில் சுவர். வீரராஜேந்திர சோழன் காலத்தில், 1060களின் கடைசியில் வெட்டியது. அங்கே 15 படுக்கையோடு ஓர் ஆதுலர் சாலை நடந்திருக்கிறது. வைத்தியர், சல்லியக்கிரியை என்ற அறுவை வைத்தியம் செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், மருந்து காய்ச்சும் பெண்கள், கூடவே நம் தாத்தாவைப் போல ஒரு நாவிதர். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். நாவிதருக்கு 15 கலம். குறைவுதான். ஆனாலும் சம்பளப் பட்டியலில் நம்மாள் இருக்கிறார் அம்மா! தொள்ளாயிரத்து ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளில் தைலங்களையும் பெயர் பெயராக வெட்டி வைத்திருக்கிறார்கள். நான் போகும்போதெல்லாம் அந்தச் சுவர் முன்னால் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

தாத்தா முடிவெட்டினார், சுளுக்கும் எடுத்தார். வந்தவரை உடனே தொடமாட்டார். வாசலிலிருந்து நடந்து வரச் சொல்லிப் பார்ப்பார். தூக்கம் வந்ததா, வயிறு போனதா, வீட்டில் என்ன தகராறு என்று கேட்பார். பிறகுதான் நல்லெண்ணெயைச் சுடவைத்து, உள்ளங்கையில் சூடு பார்த்து, வலிக்கிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளித் தொடங்குவார். சாப்பிட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். எலும்பு முறிந்திருந்தால் கையே வைக்கமாட்டார், புத்தூருக்குப் போய்க் கட்டு போட்டுக்கொள்ளச் சொல்வார். முடித்ததும் வெந்நீர்க் குளியல், மிளகு ரசம், அன்றைக்குப் பகல் தூக்கம் கூடாது. உடம்பை முழுசாகப் பார்ப்பது என்று உனக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களே, இதைத்தானே?

ஆயா பிரசவம் பார்த்தவள். காலிரண்டையும் நீட்டி, பிறந்த குழந்தையை முழங்காலுக்குக் கீழே கிடத்தி, வலக்கையையும் இடக்காலையும் குறுக்கே சேர்த்து இழுத்து எண்ணெய் நீவுவாள். நீயும் அந்தக் காலில் கிடந்தவள்தான். தசைகளின் பெயரெல்லாம் இங்கிலீஷில் ஒப்பிக்கிறாய், அவளிடம் ஒரு நாள் உட்கார்ந்து கேட்கவில்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு.

ராத்திரியில் இடுப்பு பிடித்துக்கொண்டால் ஆளனுப்பிக் கூப்பிட்ட வீடுகளில் பகலில் தாத்தாவைத் திண்ணையில் உட்கார விட்டதில்லை. உன் பயம் அங்கிருந்து வருவது. வெட்கப்பட வேண்டியவர்கள் அந்த வீட்டுக்காரர்கள். அதே கைவேலைதான் தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் ஒன்று. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை 2005இல் திறந்தார்கள். அங்கே இது சித்த வைத்தியத்தில் பட்டம் வாங்கிய டாக்டர்களின் படிப்பு.

அதனால் ஆயுர்வேதம் என்று போடாதே. அது வேறு வீட்டுச் சொத்து. உத்திரமேரூர், தாத்தா முடிவெட்டி வைத்தியம் பார்த்தவர், ஆயா மருத்துவச்சி என்றே எழுது. உன் சின்ன அத்தைக்கு ஆயாவின் கைப்பழக்கம் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வா, பக்கத்து வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது காட்டச் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா