‘அது தனி’: ஒரு கூடார இரவின் விலை

இமாசலப் பிரதேசத்தின் கூடார முகாம்களில் ஓரிரவு தங்கினாலும் ஓர் இந்தித் தொடர் காதில் ஒட்டிக்கொள்ளும்: ‘வோ அலக் ஸே ஹை’. தமிழில் நாம் ‘அது தனி’ என்போம். வெந்நீர் தனி. மதியச் சாப்பாடு தனி. ஓட்டுநர் படுக்க இடம் தனி. இரண்டே சொற்கள்தாம். ஆனால் எதிலிருந்து அது தனி என்று கேட்டுப் பார்த்தால், ‘ஓர் இரவுக்கு இவ்வளவு’ என்ற அறிவிப்பில் எது அடங்கியிருக்கிறது என்பதை ஒருவரும் நமக்குச் சொல்லியிருக்கவில்லை என்பது தெரியவரும்.

மொழியியல் முதுகலை மாணவர்கள் எழுவருடன் 2025 ஜூன் மாதம் லாஹௌல் பள்ளத்தாக்குக்குச் சென்றிருந்தேன். கேலாங்கைச் சுற்றிப் பேசப்படும் புனான் என்னும் திபெத்திய-பர்மியக் குடும்ப மொழியில் சொற்பட்டியல் பதிவுசெய்வது எங்கள் பணி. கேலாங்கில் எங்கள் தொகைக்கு அறைகள் கிடைக்காததால், பாகா ஆற்றின் மேற்புறம் ஜிஸ்பாவுக்கு அருகில் ஒரு முகாமில் மூன்று இரவுகள் தங்கினோம். பலகையில் ‘ஒரு நபருக்கு 1,200 ரூபாய் முதல், எம்.ஏ.பி.’ என்று எழுதியிருந்தது.

பொருளியலாளர் இதை ஒரு விலையாகப் படிப்பார். மொழியியல் படித்தவர்களுக்கு இது ஒரு வாக்கியம். ‘முதல்’ என்ற சொல் கீழ் எல்லையை மட்டுமே உறுதிசெய்கிறது. மேல் எல்லை குறித்து அதற்கு எந்தப் பொறுப்பும் இல்லை. ஆயினும் கேட்பவர் மனத்தில் 1,200 என்ற எண்தான் தங்குகிறது. ‘எம்.ஏ.பி.’ என்பது ‘மாடிஃபைடு அமெரிக்கன் பிளான்’: தங்கலோடு காலை உணவும் மற்றொரு வேளை உணவும் சேர்ந்தது. உணவே இல்லையென்றால் அது ‘ஈ.பி.’, காலை உணவு மட்டும் என்றால் ‘சி.பி.’, மூன்று வேளையும் என்றால் ‘ஏ.பி.’. விடுதித் தொழிலில் இவை அன்றாடச் சொற்கள். எங்கள் குழுவிலோ அந்த மூன்றெழுத்தை விரித்துச் சொல்ல ஒருவராலும் இயலவில்லை. ‘ஒரு நபருக்கு’ என்பதிலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: இருவர் ஒரு கூடாரத்தைப் பகிர்ந்தால்தான் அந்தக் கணக்கு. தனியாகத் தங்குபவர் மறுபாதியின் பெரும்பகுதியையும் ஏற்க வேண்டியிருக்கும்.

இனி எங்கள் முதல் இரவின் கணக்கு. ஜூன் உச்சப் பருவம் என்பதால் 1,200 என்பது 1,500 ஆனது. எட்டுப் பேருக்கு 12,000. அன்றிருந்த 12 விழுக்காடு ஜிஎஸ்டி 1,440. மறுநாள் கையில் கட்டிக்கொண்டு போகும் மதிய உணவு தலைக்கு 200 வீதம் 1,600. வெந்நீர் வாளி 50 ரூபாய் வீதம் 400. ஓட்டுநரின் படுக்கைக்கும் உணவுக்கும் 500. ஆக மொத்தம் 15,940. தலைக்கு ஏறக்குறைய 2,000 ரூபாய். ‘தீமூட்டல் 800 ரூபாய், தனி’ என்பதை நாங்கள் தொடவே இல்லை.

இதைக் கொள்ளை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் அடுத்த நாள் மாலை அந்த உரிமையாளருடன் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தபோது கணக்கின் மறுபுறமும் தெரிந்தது. பட்டாணியும் காலிஃபிளவரும் விளைந்த வயலின் ஒரு பகுதியில் கூடாரம் போட்டிருக்கிறார். 2020 அக்டோபர் 3 அன்று 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு, ரோதாங் கணவாயை ஏறிக் கடக்காமலே மணாலியிலிருந்து லாஹௌலுக்கு வர முடிகிறது. வருவோர் பெருகினர், முகாம்களும் பெருகின. பனிக்காலமோ சுருங்கிவிடவில்லை. அக்டோபரில் கூடாரங்களைக் கழற்றி மடித்து வைத்தால் மே மாதம்தான் மீண்டும் விரிக்க முடியும்.

அவர் சொன்னதை ஒரு மாதிரிக் கணக்காக இப்படி விளக்கலாம். பத்துக் கூடாரம், 120 நாள் பருவம். கூடாரத் துணி, மெத்தை, கழிப்பறை, சமையற்காரர் சம்பளம், மின்னாக்கி என்று விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு ஆறு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பாதிக் கூடாரங்கள் நிறைந்தால் 600 கூடார இரவுகள் விற்கும். ஓர் இரவின் மேல் 1,000 ரூபாய் விழும். மணாலிச் சாலையில் மண் சரிந்து மூன்றில் ஒரு பங்குதான் நிறைந்தது என்றால் 400 இரவுகள். அதே சுமை 1,500 ஆகிவிடும். உணவுச் செலவு இதற்கு மேல். ஆகவே இரவுக் கட்டணம் என்பது அந்த இரவின் செலவு மட்டுமன்று. வெறுமையாகக் கிடந்த மற்ற இரவுகளின் செலவையும் அன்றைக்கு வந்து படுத்தவர்தாம் சுமக்கிறார். உச்சப் பருவத்தில் விலை ஏறுவதன் உள்ளீடும் இதுவே.

இந்தக் கணக்கு ‘தனி’க்கட்டணங்களில் சிலவற்றுக்கு நியாயம் சேர்க்கிறது. லாஹௌல் மழைமறைவுப் பகுதி; மரங்கள் அரிது. அங்கே விறகு எரிப்பது ஆடம்பரம். அதை அனைவர் கட்டணத்திலும் பரப்பி வைத்தால், எட்டு மணிக்கே உறங்கப் போகிறவரும் அடுத்தவரின் தீக்கு விறகு வாங்கித் தருகிறார் என்றாகும். வேண்டியவர் மட்டும் கொடுக்கட்டும் என்பது அறத்துக்கு முரணானதன்று.

ஆனால் 3,200 மீட்டர் உயரத்தில் இரவு வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும் இடத்தில் வெந்நீரைத் ‘தனி’ என்பது வேறு வகை. அருகில் உணவகமே இல்லாத இடத்தில் மதிய உணவைத் ‘தனி’ என்பதும், மலைச்சாலையில் எட்டுப் பேரை ஏற்றிவந்த ஓட்டுநரின் உறக்கத்தைத் ‘தனி’ என்பதும் அவ்வாறே. மறுக்க முடிகிற கட்டணத்துக்கும் மறுக்க முடியாத கட்டணத்துக்கும் ஒரே சொல் போதும் என்று மொழி நம்மைப் பழக்கியிருக்கிறது. சார்லஸ் ஃபில்மோர் 1970களில் வணிக நிகழ்வின் பொருட்சட்டகத்தை விளக்கும்போது வாங்குபவர், விற்பவர், பண்டம், பணம் என நான்கு இடங்களைக் காட்டினார். கட்டணப் பலகையில் பணத்தின் இடம் தடித்த எழுத்தில் நிரப்பப்பட்டிருக்கிறது. பண்டத்தின் இடம் காலியாக இருக்கிறது. நாம் அதை நம் வீட்டு வழக்கத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறோம்.

அந்தக் காலியிடத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் என்னை இதை எழுதத் தூண்டியது. எங்கள் பல்கலைக்கழகம் களப்பணிக்குத் தங்கல் செலவைத் திருப்பித் தரும்; ஆனால் முறையான பட்டியல் இருக்க வேண்டும். வெந்நீர் வாளிக்கும் கட்டுச்சோற்றுக்கும் ஓட்டுநர் படுக்கைக்கும் அங்கே பட்டியல் கிடைக்காது. தலைக்கு ஓர் இரவில் 312 ரூபாய் 50 காசு. மூன்று இரவில் 940 ரூபாய் வரை. ஜேஆர்எஃப் பெறும் ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் வருகிறது; அவருக்கு இது ஒரு சிறு எரிச்சல். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத உதவித்தொகையில் முனைவர் பட்டம் செய்பவருக்கு மாதம் 8,000. அவருக்கு இது ஒரு கணக்கு. எந்த உதவித்தொகையும் இல்லாத முதுகலை மாணவிக்கு?

முதல் நாள் காலை எங்கள் குழுவில் ஒருத்தி, “தீதி, எனக்கு மதியச் சாப்பாடு வேண்டாம், உயரத்தில் எனக்குப் பசிக்காது” என்றாள். வெந்நீரும் வேண்டாம் என்றாள், குளிர்நீர் பழக்கம்தானாம். மற்றவர்கள் வாளிக்காக வரிசையில் நின்றபோது அவள் கூடாரத்துக்குள் ஒலிக்கோப்புகளுக்குப் பெயரிட்டுக்கொண்டிருந்தாள். விருப்பத் தேர்வு என்று விலைப்பட்டியல் அழைப்பதை அவள் ஒவ்வொன்றாகத் துறந்துகொண்டிருந்தாள். எட்டுப் பேர் ஒரே பணியைச் செய்ய வந்த இடத்தில், யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்தப் பட்டியல் எல்லார் கண்முன்னும் பிரித்துக் காட்டிவிட்டது.

அன்று மாலைதான் உரிமையாளரிடம் உட்கார்ந்தேன். “பாய் சாஹப், மூன்று வேளை உணவு, வெந்நீர், ஓட்டுநர், வரி எல்லாம் சேர்த்து ஒரே தொகை சொல்லுங்கள், ஒரே பட்டியலாகத் தாருங்கள்” என்றேன். சற்று யோசித்துத் தலைக்கு 1,800 என்றார். முந்தைய இரவைவிட அது குறைவு. ஏன் குறைந்தது என்று கேட்டேன். எட்டுப் பேருக்கும் மதிய உணவு நிச்சயம் என்றால் சமையற்காரர் ஒரே தடவையில் சமைத்துவிடுவார். தண்ணீரை ஒரே நேரத்தில் காய்ச்சினால் எரிவாயு மிச்சம். யார் எத்தனை வாளி எடுத்தார் என்று ஒருவர் நின்று குறிக்க வேண்டியதில்லை என்றார். அவருக்கும் நிச்சயத்துக்கு ஒரு விலை இருந்தது. அடுத்த இரு இரவுகளும் அந்தத் தொகையிலேயே கழிந்தன. அந்தப் பட்டியலைக் கணக்கு அலுவலகமும் ஏற்றுக்கொண்டது. அடுத்த நாள் முதல் அவளும் எங்களோடு உட்கார்ந்து உண்டாள்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். தங்குமிடங்களுக்கான ஜிஎஸ்டி அறிவிக்கை விடுதி, விருந்தினர் இல்லம், மன்றம் ஆகியவற்றோடு கூடார முகாம்களையும் பெயர் சுட்டியே சேர்த்திருக்கிறது. நாளொன்றுக்கு 1,000 ரூபாய்க்குக் குறைந்த தங்கலுக்கு இருந்த விலக்கு 2022 ஜூலை 18 அன்று நீங்கியது. 12 விழுக்காடு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான தங்கலுக்கு அது 5 விழுக்காடு. ஆண்டு வருவாய் வரம்புக்குக் கீழே இருந்து பதிவுசெய்யாத சிறு முகாமுக்கு நேரில் பணம் கொடுத்தால் வரி வாங்க அவருக்கு உரிமையில்லை. அதே கூடாரத்தை முன்பதிவுச் செயலி வழியாக எடுத்தால், வரியைச் செலுத்தும் பொறுப்பு அந்தச் செயலி நிறுவனத்தின்மேல் விழும். ஆகவே பட்டியலில் வரி வரும். ஒரே கூடாரம், ஒரே இரவு, இரண்டு விலை. இதோடு செயலியின் தரகுத்தொகையும் உண்டு. உரிமையாளர் அதைத் தம் கையிலிருந்து கொடுப்பதில்லை. பலகையில் ஏற்றிவிடுகிறார், அல்லது ‘தனி’களில் மீட்டெடுக்கிறார். முகப்பில் குறைந்த எண்ணைக் காட்டுபவரே தேடலில் முதலில் கண்ணில் படுகிறார் என்பதால், எண்ணைக் குறைத்துத் ‘தனி’யைக் கூட்டுவது அவருக்குப் பிழைப்பு வழியாகிறது.

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இணைய வணிகத்தின் 13 ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டன. அவற்றுள் ஒன்று ‘டிரிப் பிரைசிங்’: விலையின் கூறுகளை முன்கூட்டியே காட்டாமல் சொட்டுச் சொட்டாக வெளியிடுவது. செயலித் திரைக்கு அது பொருந்தும். ஆற்றங்கரையில் ஆணியடித்த மரப்பலகையை யார் சென்று படிக்கப் போகிறார்கள்? அங்கே நமக்கிருக்கும் கருவி கேள்வி மட்டும்தான். ‘ஓர் இரவுக்கு எவ்வளவு?’ என்ற கேள்வி அதற்குப் போதாது. ‘நாளை காலை நாங்கள் எல்லாரும் உண்டு, குளித்து, புறப்படும்போது மொத்தம் எவ்வளவு கொடுப்போம்?’ என்று கேளுங்கள். முதல் கேள்வி விலையைக் கேட்கிறது. இரண்டாவது, பண்டத்தையும் சேர்த்துக் கேட்கிறது.

இதை வாசிக்கும் ஆசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் துறைகளின் களப்பயண அறிவிப்புகளையும் கருத்தரங்கப் பதிவுக் கட்டண அறிவிப்புகளையும் எடுத்துப் படித்துப் பாருங்கள். ‘தங்குமிடம் தனி’, ‘இரவு விருந்து தனி’, ‘உள்ளூர்ப் பயணம் பங்கேற்பாளர் பொறுப்பு’. அந்தப் பலகையின் இலக்கணம்தான் இங்கும். லாஹௌல் உழவருக்கு ஐந்து மாதப் பருவமும் மூடிக்கிடக்கும் குளிர்காலமும் காரணமாக இருந்தன. நமக்கு என்ன காரணம்? மாணவர் ஒருவர் வீட்டிலிருந்து கிளம்பி வீடு திரும்பும் வரை ஆகும் முழுத் தொகையை முதல் வரியிலேயே எழுதுவோம். அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எவ்வளவு கிடைக்காது என்பதை இரண்டாம் வரியில் எழுதுவோம். அப்படி எழுதினால், வர இயலாதவர் எண்ணிக்கை எவ்வளவு என்பது பயணம் தொடங்கும் முன்பே நமக்குத் தெரிந்துவிடும். அவர்களுக்காக நிதி தேடுவதற்கு அப்போது நேரமும் இருக்கும். பசிக்கவில்லை என்று யாரும் நம்மிடம் சொல்ல வேண்டியிராது.