ஒரு பை நிறைய மாத்திரைகள்

நமது தோட்டப் பெண்களிடம் "உடம்புக்கு என்ன?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே ஒரு வருத்தத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். சீனி வருத்தம் என்பவர் பிரஷரைச் சொல்ல மாட்டார். பிரஷர் என்பவர் மூட்டு வலியை ஒரு வருத்தமாகவே நினைப்பதில்லை. கொழுந்து எடுக்கிற எல்லாருக்கும் இருப்பதுதானே என்று விட்டுவிடுவார்கள். ஆனால் உடம்பு ஒன்றுதான். ஒரு வருத்தத்துக்குச் சாப்பிடும் மருந்து, இன்னொரு வருத்தத்தின் மருந்தோடு அதே வயிற்றில், அதே ஈரலில்தான் சந்திக்கிறது.

பூண்டுலோயாப் பகுதித் தோட்டங்களில் சமூகப் பணியாளராக ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பல்கலைக்கழகத்தில் நான் படித்தது சமூகவியல். மருத்துவம் படித்தவள் அல்ல. எனினும் கிளினிக்குக்குத் துணையாகப் போவதும், டாக்டர் சொல்வதைத் தமிழில் விளக்குவதும் எனது வேலையில் பாதியாகிவிட்டன. அப்படி ஓர் அம்மாவோடு போய் வந்தபோது நான் தெரிந்துகொண்டவற்றை, அவருடைய சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன்.

சத்தமில்லாத நோய்

அந்த அம்மாவுக்கு 58 வயது. சீனி வருத்தத்துக்காகக் கிளினிக் போய்வருபவர். ஒருமுறை இரத்தப் பரிசோதனையில் ஈரல் சரியாக இல்லை என்று தெரிய, மேலும் பரிசோதித்தார்கள். ஹெப்படைட்டிஸ் சி என்று முடிவு வந்தது.

ஹெப்படைட்டிஸ் சி என்பது இரத்தத்தின் மூலம் தொற்றும் ஒரு வைரஸ் கிருமி. இது நமது நாட்டில் அதிகம் காணப்படும் நோய் அல்ல. ஆனால் உலகில் சுமார் 5 கோடிப் பேர் இதனோடு வாழ்கிறார்கள் என உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டுள்ளது. தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு மஞ்சள் காமாலைகூட வருவதில்லை. இருபது, முப்பது வருடங்கள் சத்தமில்லாமல் இருந்து ஈரலைக் கெடுக்கும். சிலருக்கு ஈரல் சுருங்கி, புற்றுநோய் வரைக்கும் போகும்.

"எனக்கு எப்படி மிஸ் வந்துச்சு? நான் ஒரு தப்பும் பண்ணலயே" என்று அந்த அம்மா அழுதார். 1987இல் மூத்த பிள்ளை பிறந்தபோது இரத்தம் அதிகமாகப் போய், அவருக்கு இரண்டு போத்தல் இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அதுதான் காரணமென்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கிருமி அடையாளம் காணப்பட்டதே 1989இல்தான். அதற்கு முன் உலகில் எந்த ஆஸ்பத்திரியிலும் இரத்தத்தில் இதைத் தேடிப் பார்க்க வழியிருக்கவில்லை. இதில் அவருடைய தப்பு என்ன?

வீட்டிலோ அவருக்குத் தனித் தட்டு, தனிக் கோப்பை என்று ஆகிவிட்டது. பேரப்பிள்ளையைத் தூக்கக்கூட விடவில்லை. ஒன்றாகச் சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, ஒரே பீங்கானைப் பாவிப்பதாலோ இந்நோய் தொற்றாது. சவர பிளேட், பல் துலக்கும் பிரஷ், ஊசி போன்று இரத்தம் படக்கூடிய பொருட்களை மட்டும் பகிரக்கூடாது. இதை மருமகளுக்குப் புரியவைக்க நான் மூன்று முறை அந்த லயத்துக்கு ஏறி இறங்கினேன்.

பைக்குள் இருந்தவை

இந்த நோய்க்கு முன்னர் இன்டர்ஃபெரோன் ஊசியைப் பல மாதங்கள் போடவேண்டியிருந்தது. அதனால் காய்ச்சல், இரத்தச்சோகை, மனச்சோர்வு, தைரொயிட் கோளாறு எனப் பல தொல்லைகள் வந்தன. 2013க்குப் பின்னர் வாயால் உட்கொள்ளும் புதிய மாத்திரைகள் வந்தன. பெரும்பாலும் 12 வாரங்கள் சாப்பிட்டால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுமையாகக் குணமாகிறார்கள். அந்த அம்மாவுக்கும் சோஃபொஸ்புவிர், வெல்படாஸ்விர் என்ற இரண்டும் சேர்ந்த மாத்திரை கொடுப்பதென முடிவானது.

கிளினிக்குக்குப் போகும் முதல்நாள், "வேறென்ன மருந்தெல்லாம் சாப்பிடுறீங்க அம்மா?" என்று கேட்டேன். "சீனி மாத்திரை மட்டும்தான் மிஸ்" என்றார். கட்டிலுக்கடியிலிருந்த பையைப் பாயில் கொட்டிப் பார்த்தோம். சீனிக்கு இரண்டு வகை, பிரஷருக்கு ஒன்று. பூண்டுலோயாக் கடையில் வாங்கிய கேஸ்டிக் மாத்திரை, பெனடோல் கார்ட் மூன்று, மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், மகள் கர்ப்பமாக இருந்தபோது மிஞ்சிய இரும்புச்சத்து மாத்திரை, ஈரலுக்கு நல்லது என்று யாரோ கொடுத்த மூலிகைத் தூள். "இதெல்லாம் வேற வேற வருத்தத்துக்கு மிஸ். ஈரல் டாக்டர்கிட்ட கேஸ்டிக் மாத்திரைய ஏன் காட்டணும்? ஏசுவாங்க" என்றார். அதுமட்டுமல்ல, புது மருந்து சாப்பிடும் மூன்று மாதமும் சீனி மாத்திரையை நிறுத்திவிடவும் தீர்மானித்திருந்தார். ஒரே நேரத்தில் இரண்டும் சாப்பிட்டால் உடம்பு தாங்காது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

மறுநாள் முழுப் பையையும் கொண்டுபோனோம். டாக்டர் ஏசவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினார்.

கேஸ்டிக்குக்குச் சாப்பிடும் ஒமெப்ரசோல் வயிற்றிலுள்ள அமிலத்தைக் குறைக்கும். வெல்படாஸ்விர் உடம்பில் சேர அந்த அமிலம் தேவை. ஒமெப்ரசோலையும் சேர்த்துச் சாப்பிட்டால் புது மருந்தின் பலன் குறைந்து, குணமாகாமல் போகலாம். அதனால் அதை நிறுத்தச் சொன்னார்.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ஈரல் சுருங்கியவர்களுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்; வயிற்றில் இரத்தம் கசியவும் வைக்கலாம். அதற்குப் பதிலாக பெனடோல் எடுக்கலாம். ஆனால் ஈரல் பழுதடைந்தவர்கள் நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்குக்கு மேல் போடக்கூடாது.

ஹெப்படைட்டிஸ் சி உள்ளவர்களின் ஈரலில் இரும்புச்சத்து தேங்கலாம். ஆகவே பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை வேண்டாம் என்றார். (கர்ப்பிணித் தாய்மார் இதைப் படித்துவிட்டுக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது உங்களுக்கு அவசியம்.)

சீனி மாத்திரையை ஒருபோதும் தாமாக நிறுத்தக்கூடாது. ஹெப்படைட்டிஸ் சி உள்ளவர்களுக்குச் சீனி வருத்தம் வரும் வாய்ப்பே அதிகம். கிருமி குறையும்போது சீனியும் குறையலாம். ஆகவே அடிக்கடி பார்க்கவேண்டும் என்றார். அவர் சொன்னபடியே இரண்டாவது மாதம் ஒரு விடியற்காலை அந்த அம்மாவுக்கு வியர்த்து, கைகால் நடுங்கியது. மருமகள்தான் ஓடிப்போய்ச் சீனி போட்ட பிளேன்டீ கொடுத்தார். பின்னர் கிளினிக்கில் சீனி மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள்.

வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், ஃபெனிடொயின், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் ஆகியவையும் இந்தப் புது மருந்தின் பலனைக் குறைத்துவிடும். இதயத் துடிப்புக்குரிய அமியோடரோன் இதனோடு சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு மெதுவாகலாம். ஹெப்படைட்டிஸ் பி கிருமியும் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பதும் அவசியம். சி குணமாகும்போது உறங்கிக் கிடந்த பி தலைதூக்கலாம்.

மூலிகை என்றால் தீங்கில்லையா?

மூலிகைத் தூளை நிறுத்துவதுதான் அந்த அம்மாவுக்கு மனமில்லாமல் இருந்தது. "பச்சிலை என்ன செய்யப்போகுது?" என்றார். நம்மில் பலரும் கேட்கும் கேள்விதான் இது.

கீழாநெல்லியை மருத்துவ உலகம் அலட்சியம் செய்யவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர் ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்து ஆராய்ந்து, நம்பிக்கையூட்டும் முடிவை 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டனர். ஹெப்படைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்த புளும்பேர்க்கும் அதில் பங்குகொண்டார். அவருடைய பிறந்த நாளான ஜூலை 28தான் இன்று உலக ஹெப்படைட்டிஸ் தினம். ஆனால் பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. சிங்களத்தில் ரசகிந்த எனப்படும் சீந்திலைச் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை மும்பை டாக்டர்கள் 2021இல் பதிவுசெய்தார்கள். என்ன இருக்கிறதென்றே தெரியாத தூளை, ஏற்கெனவே பழுதான ஈரலுக்குக் கொடுப்பது எப்படி நியாயமாகும்?

நாம் கேட்கவேண்டியவை

இந்நோய் மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்று எகிப்து. முன்னர் வேறொரு நோய்க்காக ஊருக்கே ஊசி போட்டபோது, ஊசிகளைச் சரியாகக் கிருமி நீக்காததால் பரவியது. 2018இல் அந்நாடு கோடிக்கணக்கான மக்களைப் பரிசோதிக்கத் தொடங்கியது. அப்போது இந்தக் கிருமியோடு சீனி, பிரஷர், உடற்பருமன் ஆகியவற்றையும் ஒரே இடத்தில் பார்த்தார்கள். மனிதரை முழுதாகப் பார்த்ததால் வேலை இலகுவானது.

நமக்கோ ஒவ்வொரு வருத்தத்துக்கும் ஒவ்வொரு கிளினிக். ஒவ்வொரு நாளும் ஒரு பேர் இழப்பு. அந்த அம்மாவின் மருந்துப் பொதிகளில் ஆங்கிலமும் சிங்களமும் இருந்தன. வீட்டில் யாராலும் வாசிக்க முடியவில்லை. தமிழும் அரச கரும மொழி என்று 1987இலேயே 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. "தமிழில் எழுதித் தாருங்கள்" என்று கேட்பது யாசகமல்ல, உரிமை.

அந்த அம்மா மருந்தை முடித்து மூன்று மாதங்களுக்குப் பின் செய்த பரிசோதனையில் கிருமி இல்லை என வந்தது. ஈரலில் ஏற்கெனவே ஏற்பட்ட சேதத்துக்காகத் தொடர்ந்து கிளினிக் போகிறார். இப்போது பேரப்பிள்ளை அவர் மடியில்தான் தூங்குகிறது.

சகோதரிகளே, அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியை மட்டும் கொண்டுபோகாதீர்கள். கடையில் வாங்கியது, அயலவர் கொடுத்தது, தூள், கசாயம், எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டர் முன் வையுங்கள். புதிதாக ஒரு மாத்திரை தந்தால், "நான் சாப்பிடும் மற்ற மருந்துகளோடு இது ஒத்துப்போகுமா?" என்று கேளுங்கள். முன்னொரு காலத்தில் இரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று பயந்து மறைக்கும் ஒரு மாத்திரை, மூன்று மாதச் சிகிச்சையை வீணாக்கிவிடலாம்.