கடைவாய்ப் பல்லும் பாஞ்சோ வில்லாவும்

நேற்று கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். வாயில் பஞ்சு, கையில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் மாத்திரை. கன்னத்தைப் பிடித்தபடி படுத்திருந்தபோது பாஞ்சோ வில்லா ஞாபகம் வந்துவிட்டது.

மெக்ஸிகோ புரட்சிக்காரர் இல்லை. அதே பெயரில் களமிறங்கிய பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டை வீரர். நீக்ரோஸ் தீவில் 1901இல் பிறந்தவர். ஐந்தடிக்குச் சற்றே கூடுதல் உயரம், அவ்வளவுதான். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா விட்டுப் போய்விட்டார். 1923 ஜூனில் நியூயார்க்கில், வேல்ஸ் நாட்டு ஜாம்பவான் ஜிம்மி வைல்டை ஏழாவது சுற்றில் சாய்த்து ஃப்ளைவெயிட் உலகப் பட்டத்தைப் பிடித்தார். ஆசியாவிலிருந்து வந்த முதல் உலக சாம்பியன். வைல்ட் அதன்பிறகு வளையத்துக்குள் ஏறவே இல்லை.

1925 ஜூலை 4, கலிஃபோர்னியா. ஜிம்மி மெக்லார்னினுடன் பட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு சண்டை. அன்று காலைதான் ஞானப்பல்லைப் பிடுங்கியிருந்தார். வீங்கிய முகத்தோடு பத்துச் சுற்றும் நின்றார், புள்ளிகளில் தோற்றார். நானோ இங்கே ரசம் சாதத்தையே விழுங்க முடியாமல் முனகிக்கொண்டிருக்கிறேன்! அதன்பின் மேலும் பற்களைப் பிடுங்கினார்கள். சீழ் தொண்டைக்கு இறங்கியது. ஜூலை 14 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் இறந்துபோனார். வயது 23.

பென்சிலினைக் கண்டுபிடிக்க இன்னும் மூன்று வருடம் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட சண்டைகளில் ஒருவராலும் அவரை நாக்அவுட் செய்ய முடிந்ததில்லை. இறந்தபோதும் பட்டம் அவரிடம்தான் இருந்தது.