முதலாளி கைவிட்டும் பிழைத்த லஸ்டர்

சூப்பர் கம்ப்யூட்டர் என்றதும் எல்லோரும் அதன் வேகத்தைத்தான் கேட்பார்கள். போட்ட கணக்கை அது எங்கே எழுதி வைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் ஒரே சர்வரின் வாசலில் நின்றால் என்ன ஆகும்? ஒற்றைத் தராசு வைத்த ரேஷன் கடை கதைதான்! எழுதி முடிகிறவரை, கோடிகள் கொட்டி வாங்கிய மெஷின் சும்மா நிற்க வேண்டியதுதான்.

இதற்காக வந்ததுதான் பேரலல் ஃபைல் சிஸ்டம். அதில் பேர் பெற்றது லஸ்டர். லினக்ஸையும் க்ளஸ்டரையும் ஒட்டி வைத்த பெயர். பி.காம் பாஷையில் சொன்னால் ஒரு பேரேடு, பல குடோன்கள். பெரிய ஃபைலைத் துண்டு போட்டுப் பல சர்வர்களில் வைப்பார்கள். எந்தத் துண்டு எங்கே என்ற விவரம் மெட்டாடேட்டா சர்வரில் இருக்கும். அங்கே கேட்டுக்கொண்டால், பிறகு எல்லாக் குடோன்களிலும் ஒரே நேரத்தில் சரக்கு ஏற்றலாம், இறக்கலாம்.

இதற்குள் ஒரு கம்பெனிக் கதையும் இருக்கிறது.

1999-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராம் ஆரம்பித்த ஆராய்ச்சி இது. 2001-ல் அதற்கென்று ஒரு கம்பெனி வந்தது. 2007-ல் அதை சன் வாங்கியது. 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கிவிட்டது! அந்த வருடக் கடைசியிலேயே, லஸ்டரின் புதிய பதிப்பை இனி வளர்க்கப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டது.

அமெரிக்காவின் லிவர்மோர், ஓக் ரிட்ஜ் போன்ற பெரிய ஆராய்ச்சிக்கூடங்கள் லஸ்டரை நம்பித்தான் இருந்தன. இப்போது என்ன செய்வது?

ஒரு நல்ல காரியம் முன்பே நடந்திருந்தது. லஸ்டரின் சோர்ஸ் கோடு ஜிபிஎல் உரிமத்தில் வெளிவந்திருந்தது. ஆரக்கிள் அதைக் கைவிடலாம், ஆனால் பூட்டிவைக்க முடியாது. அந்த இரண்டு ஆராய்ச்சிக்கூடங்களும் க்ரே, டிடிஎன் கம்பெனிகளோடு சேர்ந்து ஓப்பன்எஸ்எஃப்எஸ் என்ற அமைப்பைத் தொடங்கின. லஸ்டரின் பழைய ஆட்கள் சிலர் வாம்கிளவுட் என்ற புதிய கம்பெனியில் வேலையைத் தொடர்ந்தார்கள். அந்தக் கம்பெனியும் 2012-ல் இன்டெலுக்கு, 2018-ல் டிடிஎன்னுக்கு என்று கை மாறியது. லஸ்டர் நிற்கவில்லை. 2022-ல் உலகின் முதலிடம் பிடித்த ஓக் ரிட்ஜின் ஃபிரான்டியருக்குப் பின்னால் இருக்கும் சுமார் 700 பெட்டாபைட் சேமிப்பும் லஸ்டர்தான்.

இலவசம் என்பதால் மட்டும் அது பிழைத்துவிடவில்லை. எடுத்து நடத்த உரிமை இருந்தது. நடத்துவதற்குப் பணம் போட ஆளும் இருந்தது. நீங்கள் தினமும் நம்பியிருக்கும் மென்பொருளுக்கு இந்த இரண்டில் எது இருக்கிறது? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.